பட்டாணியின் ரெண்டு

பட்டாணி நூறு வரை எண்ணுவாள். மூன்று வயது முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றில் ஆரம்பித்தால் நூறில்தான் நிறுத்துவாள். எழுபத்தொன்பதில் மட்டும் நாக்கு ஒரு தடவை சறுக்கும். அதையும் எப்படியோ சமாளித்துத் தாண்டிவிடுவாள். பிறந்தபோது ஒரு பிடிக்குள் அடங்கிவிடுவாள் போலிருந்ததால் அப்பா வைத்த செல்லப்பெயர் பட்டாணி. அவர் லிஃப்ட் மெக்கானிக். மகள் எண்ணும்போது அவரும் கூடவே உதட்டை அசைப்பார்.

அம்மாவுக்குத்தான் பெருமை அதிகம். அவள் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதுகிறவள். பதினோரு வருஷமாகச் சாட்சிகள் சொல்வதை ஓர் எழுத்து பிசகாமல் எடுத்துத் தட்டச்சு செய்து கொடுக்கிறாள். வக்கீல்களிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் ஸ்டெனோம்மா. புகுந்த வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நான்கு பேர் நடுவில் மகள் எண்ணுவதைக் கேட்கும்போது ஸ்டெனோம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். தானே பரீட்சை எழுதித் தானே முதல் மார்க் வாங்கியதைப் போல இருக்கும்.

அந்தப் பெருமையில்தான் நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு விரிசல் விழுந்தது. நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தாள். கணவருக்கு ஒரே அக்கா. பல்கலைக்கழகத்தில் சின்னப் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்கிற பிரிவில் வேலை. பிள்ளைகளிடம் பொம்மையைக் கொடுப்பதும் வாங்குவதும் நோட்டில் எழுதுவதும்தான் உத்தியோகம் என்று குடும்பத்தில் கேலி செய்வார்கள். அன்று பட்டாணி நூறு சொல்லி முடித்ததும் எல்லாரும் கை தட்ட, நாத்தனார் மட்டும் அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "பாட்டு நல்லா வந்திருச்சு. எண்ணு இனிமேதான் வரும்" என்றாள். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஆனால் ஸ்டெனோம்மாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"பெத்து வளர்த்துப் பாத்தாத்தான் அண்ணி அதெல்லாம் தெரியும்" என்றாள்.

நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. அவள் கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். பட்டாணியின் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனவள், அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. ஸ்டெனோம்மாவும் கூப்பிடவில்லை.

நாலு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம். கோர்ட் விடுமுறை. ஸ்டெனோம்மாவுக்கு அப்போது ஆறாவது மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. எதிர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, முடிக்காமல் விட்ட ஒரு வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பட்டாணி தரையில் கிரேயானால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தது கடைசியாக நினைவிருக்கிறது. கண்ணை மூடியது நினைவில்லை. கால் மணி நேரம் இருக்கலாம், இருபது நிமிஷம் இருக்கலாம். விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. பிள்ளை இருக்கிற வீட்டில் அப்படி ஓர் அமைதி நல்லதற்கில்லை என்று அவள் உடம்புக்கு முதலில் தெரிந்தது, புத்திக்குப் பிறகுதான்.

சமையலறையில் முக்காலி அலமாரி ஓரம் இழுபட்டுக் கிடந்தது. பட்டாணி தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழைய ஜாம் பாட்டில். அதற்குள் இருந்தது ஸ்டெனோம்மா சாப்பிடுகிற இரும்புச்சத்து மாத்திரை. கருஞ்சிவப்பில், மேலே இனிப்புப் பூச்சோடு, பார்க்க மிட்டாயேதான். அட்டையைக் கிழிக்கும்போதெல்லாம் விரலைக் கீறுகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து அத்தனையையும் உதிர்த்துப் பாட்டிலில் போட்டு வைத்தது அவள்தான். குமட்டலில் சில நாள் விழுங்குவாள், சில நாள் விட்டுவிடுவாள். பாட்டிலில் எத்தனை இருந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இப்போது அடியில் ஏழெட்டு கிடந்தன. மகளின் உதடு, நாக்கு, மோவாய் எல்லாம் சிவப்பு.

ஸ்டெனோம்மா அவள் முன்னால் மண்டியிட்டாள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை.

"எத்தனைடா தின்ன? அம்மாகிட்ட சொல்லு. திட்ட மாட்டேன்."

பட்டாணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு."

"நெஜமாவா? ரெண்டுதானா?"

"ரெண்டு" என்று இரண்டு விரலையும் நிமிர்த்திக் காட்டினாள்.

போன உயிர் திரும்பி வந்தது. இரண்டுதான். இருந்தாலும் எதற்கு வம்பு என்று பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வழியில் தெரிந்தவர் ஒருவர் வணக்கம் சொன்னதற்குப் பதில் வணக்கமும் சொன்னாள். அவ்வளவு நிதானமாக இருந்தாள்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். முந்தின இரவும் அவரே இருந்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. பட்டாணியைத் தராசில் நிறுத்தினார். பதின்மூன்று கிலோ. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா, எத்தனை மாத்திரை சாப்பிட்டீங்க?"

"ரெண்டு." விரலும் சேர்ந்து வந்தது.

டாக்டர் செல்போனில் கணக்குப் போட்டார். "இரும்பு மாத்திரை பிள்ளைங்களுக்கு ஆகாதுதான். ஆனா இந்த எடைக்கு ரெண்டுன்னா ஒண்ணும் செய்யாது." பேனாவை எடுத்தவர் ஒரு கணம் நிறுத்தினார். "குழந்தை சொல்றத நம்பலாம்ல?"

அந்தக் கேள்விக்குத் தான் சொன்ன பதிலை ஸ்டெனோம்மா பின்னால் எத்தனையோ தடவை மனசுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறாள்.

"டாக்டர், இவ நூறு வரைக்கும் எண்ணுவா."

"அப்படியா? எங்க, சொல்லுங்க பாப்பா."

பட்டாணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஊசித் தட்டோடு போன நர்ஸ் நின்று கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஒரு பெரியவர் முழங்கையை ஊன்றி எழுந்தார். பட்டாணி முப்பதைத் தாண்டியபோது டாக்டர் சிரித்துக்கொண்டே, "போதும் போதும், எனக்கே இவ்வளவு வேகமா வராது" என்றார். தாளில் எதையோ எழுதினார். "ஒரு மணி நேரம் வெளியில உக்காருங்க. வாந்தி கீந்தி இல்லன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தாள். அவர் ஊரின் அந்தக் கோடியில், பதினோராவது மாடியில், லிஃப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். "நான் இறங்கி வரவே ஒரு மணி நேரம் ஆயிடும். அக்கா பக்கத்துலதான் இருக்கா, வரச் சொல்றேன்" என்றார். அவள் வேண்டாம் என்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

நாத்தனார் பத்து நிமிஷத்தில் வந்தாள். அக்குளில் ஹெல்மெட், தோளில் வேலைப் பை. ஸ்டெனோம்மா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு உக்காரு. காலப் பாரு, எப்படி வீங்கியிருக்கு" என்றபடி நாத்தனார் பட்டாணிக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். பட்டாணி உடனே தாவி அவள் மடிக்குப் போனாள். நாலு மாதக் கோபம் அம்மாவுக்குத்தானே, அவளுக்கு என்ன.

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டுதான் சாப்பிட்டிருக்கா. ஒண்ணும் பயமில்லன்னுட்டாங்க."

"ரெண்டுன்னு யார் சொன்னது?"

"அவளேதான்."

"நீ எண்ணிப் பாத்தியா?"

"எத்தனை இருந்ததுன்னே எனக்குத் தெரியாது, அண்ணி."

நாத்தனார் கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தாள். அதிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் வந்தது. உள்ளே சுண்டுவிரல் அளவில் ரப்பர் மீன்கள். பெஞ்சில் அவற்றைக் கொட்டினாள்.

"பட்டாணி, அத்தைக்கு ஒரு மீன் குடு."

பட்டாணி ஒரே ஒரு மீனை எடுத்து அவள் கையில் வைத்தாள். ஸ்டெனோம்மாவுக்கு உள்ளுக்குள் எரிச்சல் வந்தது. இங்கேயுமா பரீட்சை.

"சமத்து. இப்ப ரெண்டு மீன் குடு."

பட்டாணி ஒரு கை நிறைய அள்ளி நாத்தனாரின் உள்ளங்கையில் போட்டாள்.

"விளையாடறா" என்றாள் ஸ்டெனோம்மா.

"இருக்கலாம். பட்டாணி, இத எண்ணிக் காட்டு."

பட்டாணி ஒவ்வொரு மீனாக விரலால் தொட்டாள். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் இரண்டு தடவை தொடவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு."

"அப்போ அத்தை கையில எத்தனை மீன் இருக்கு?"

"ரெண்டு" என்றாள் பட்டாணி.

ஸ்டெனோம்மா மகளைப் பார்த்தாள். அந்த முகத்தில் குறும்பு இல்லை, பயம் இல்லை, பொய் இல்லை. சரியான விடையைச் சொல்லிவிட்ட பிள்ளையின் முகம்தான் இருந்தது. வீட்டில் நாற்காலி மேல் நிற்கும்போது இருக்கும் அதே முகம்.

நாத்தனார் நான்கு மீனை வரிசையாக வைத்தாள். "இது?"

"ரெண்டு."

மூன்று கேட்டாள். கை நிறைய வந்தது. ஒன்று கேட்டாள். மறுபடியும் ஒன்றே ஒன்று, பத்திரமாக, வாலைப் பிடித்து.

"அவ பொய் சொல்லல" என்றாள் நாத்தனார். அவளுடைய குரல் இறங்கிப் போயிருந்தது. "ஒண்ணுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியும். அதுக்கு மேல இருக்கற எல்லாமே அவளுக்கு ரெண்டுதான். நம்ம ரெண்டும் அவ ரெண்டும் வேற."

ஸ்டெனோம்மாவின் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் எழுந்தது. எதிரே சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது; முள் நகர்வது தெரிந்தது, மணி என்னவென்று படிக்க முடியவில்லை. மூன்று வருஷமாகத் தன் வயிற்றிலும் இடுப்பிலும் தோளிலும் கிடந்த பிள்ளை. அது தூக்கத்தில் முனகினால்கூட என்ன வேண்டும் என்று தெரியும் என்று நினைத்திருந்தாள். ரெண்டு என்கிற ஒரு சொல், தினமும் நூறு தடவை புழங்குகிற சொல், அந்தச் சின்னத் தலைக்குள் வேறு எதுவாகவோ இருந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடத் தெரியவில்லை. தெரியாமலேயே டாக்டரிடம் போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறாள்.

"எந்திரி" என்றாள் நாத்தனார். "டாக்டர்கிட்ட போகலாம்."

இளம் டாக்டர் முதலில் முகம் சுளித்தார். "அம்மாவே சொன்னாங்களே. நானும் கேட்டேனே, தெளிவாத்தான் எண்ணினா."

"எண்ணினா டாக்டர். அது நாம பேருங்கள வரிசையாச் சொல்ற மாதிரி. எண்ணி முடிச்ச கடைசிச் சொல்தான் 'எத்தனை'ங்கறதுக்குப் பதில்னு அவளுக்கு இன்னும் பிடிபடல. ஒரு நிமிஷம், நீங்களே கேட்டுப் பாருங்க."

அவர் கேட்டுப் பார்க்க அவசியம் வரவில்லை. பட்டாணி "வயிறு" என்றாள். அடுத்த நொடி நாத்தனாரின் தோளிலும் தரையிலும் வாந்தி எடுத்தாள். கருப்பும் சிவப்புமாக இருந்தது. டாக்டரின் தூக்கம் எங்கே போனதோ, முகம் வெளுத்துவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டார், போனை எடுத்தார், எக்ஸ்ரே என்றார், எல்லாம் ஒரே மூச்சில்.

இரும்பு மாத்திரை கரையாமல் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியுமாம். கர்ப்பிணி உள்ளே வரக்கூடாது என்று அறை வாசலில் ஸ்டெனோம்மாவை நிறுத்திவிட்டார்கள். கனமான ஓர் அங்கியை மாட்டிக்கொண்டு நாத்தனார்தான் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு போனாள். கதவு மூடியது. உள்ளேயிருந்து "அசையாம இரு கண்ணு, அத்தை இருக்கேன்" என்று கேட்டது. ஸ்டெனோம்மா கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பெரிய டாக்டரம்மா வந்துவிட்டிருந்தார். நரைத்த முடி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. திரையில் படம் வந்ததும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பட்டாணியின் விலா எலும்புகள் குருவிக்கூட்டுக் குச்சி போலத் தெரிந்தன. அதற்குக் கீழே, சாம்பல் நிற வயிற்றுக்குள், வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

ஸ்டெனோம்மா எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்தைத் தாண்ட முடியவில்லை. புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவளுக்குத்தான் எண் வரிசை மறந்துவிட்டிருந்தது.

டாக்டரம்மா பேனா முனையால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "பதினொண்ணு. கரைஞ்சு போனது எத்தனைன்னு தெரியாது."

"நாங்க..." ஸ்டெனோம்மா படத்திலேயே கண்ணை வைத்திருந்தாள். "நாங்க வீட்டுக்குப் போயிருந்தா?"

டாக்டரம்மா பதில் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. "ரெண்டு தடவை வாந்தி எடுத்திருப்பா. அப்புறம் தெளிஞ்ச மாதிரி ஆயிருக்கும். தூங்கியிருப்பா. நீங்களும் நிம்மதியா இருந்திருப்பீங்க. இது அப்படித்தான், நடுவுல ஏமாத்தும். அதுக்கப்புறம்தான் ஈரல்ல வேலையக் காட்டும்." அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "போகல இல்ல? இங்கதானே இருக்கீங்க. உக்காருங்க."

லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தபோது பட்டாணியின் மூக்கில் குழாய் போட்டு, குடலைக் கழுவுகிற தண்ணீரைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவர் கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. வாசலிலேயே நின்று, "ரெண்டுதானே சொன்ன?" என்று மனைவியைக் கேட்டார். கோபம் இல்லை. புரியாமல் கேட்டார். நாத்தனார் தம்பியின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கதவுக் கண்ணாடி வழியாக ஸ்டெனோம்மா பார்த்தாள்: அக்கா பேசப் பேச, கிரீஸ் கையோடு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் மெல்ல மெல்லக் குந்தினார்.

அன்று சாயங்காலம் பட்டாணியின் சிறுநீர் செங்கல் கரைத்த தண்ணீர் போலப் போயிற்று. ஏறிய மருந்து இரும்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதன் அடையாளம், நல்லதுதான் என்று நர்ஸ் சொன்னாள். மறுநாள் காலை நிறம் வெளுத்தது. ரத்தத்தில் இரும்பு இறங்கிவிட்டது, ஈரல் தப்பித்தது என்று டாக்டரம்மா சொன்னபோது ஸ்டெனோம்மா அழவில்லை. அழுகை வரும் இடம் மரத்துப்போயிருந்தது. பேயறைந்தவளைப் போல மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறந்து எதையாவது சொல்லும்போதெல்லாம் அவளுக்குத் திக்கென்றது. "நேத்து நான் பெரியவளானதும் உனக்கு ஊசி போடுவேன்" என்றாள் பட்டாணி. இதே மாதிரி ஆயிரம் தடவை கேட்டுச் சிரித்ததுதான். இப்போது சிரிப்பு வரவில்லை. நேத்து என்றால் இவளுக்கு என்ன? வலி என்றால்? நல்லது என்றால்? அம்மா என்றால்?

மதியம் தாழ்வாரத்தில் நாத்தனாரும் அவளும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தானா அண்ணி?"

"எல்லாரும்தான். முதல்ல பாட்டு மாதிரி வரிசை வந்துடும். ஒண்ணு மட்டும் புரியும். மாசக்கணக்குல அங்கயே நிப்பாங்க. அப்புறம் ரெண்டு. மறுபடி சில மாசம். அப்புறம் மூணு. அதுக்கப்புறம்தான் ஒரு நாள் மொத்தமும் பிடிபடும். நீ, நான், உள்ள இருக்கற டாக்டரம்மா, எல்லாரும் அப்படி நின்னு நின்னு வந்தவங்கதான். யாருக்கும் ஞாபகம் இல்ல, அவ்வளவுதான்."

"அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் வாய்க்கு வந்தபடி..."

"ஆமா. சொன்ன" என்றாள் நாத்தனார்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. ஸ்டெனோம்மாவும் அதை எதிர்பார்க்கவில்லை. நாத்தனார் கைக்குட்டையை எடுத்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. தம்பி போன்ல 'ரெண்டுதான்'னு சொன்னதும் எனக்கும் அப்பாடான்னுதான் இருந்துச்சு. பதினஞ்சு வருஷமா தினமும் இதையேதான் பாக்கறேன். எனக்கே ரெண்டுன்னா ரெண்டுன்னுதான் காதுல விழுந்துச்சு. ரெண்டாவது சிக்னல்ல நிக்கும்போதுதான் உறைச்சுது. உறைச்சும்..." கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். "உறைச்சும், போய்ச் சொன்னா நீ மறுபடி மூஞ்சியத் தூக்குவ, நமக்கு எதுக்கு வம்பு, சும்மா பாத்துட்டு வந்துடலாம்னு நெனச்சேன். உன் பக்கத்துல உக்காந்தப்பறமும் அதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் ஸ்டெனோம்மாவின் கண்முன் வந்தது. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை. டாக்டரம்மா பட்டாணியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இளம் டாக்டர் கேஸ் தாளோடு பக்கத்தில் நின்றார். பட்டாணி தலையைத் தூக்கித் தன் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பாப்பா போயிடுச்சா?"

"எந்தப் பாப்பா?" என்றார் டாக்டரம்மா.

"என் பாப்பா. உள்ள வச்சேனே."

ஸ்டெனோம்மா வாயைத் திறந்தாள். நாத்தனார் அவள் கையை அழுத்தினாள். "இரு. நீ எதுவும் சொல்லிக்குடுக்காத. அவ என்ன நினைக்கறான்னு முதல்ல கேக்கலாம்." கட்டில் ஓரம் குனிந்தாள். "எப்படிடா கண்ணு பாப்பாவ உள்ள வச்ச?"

"அம்மா மாதிரி. அம்மா பாப்பாவுக்கு மாத்திரை போடுவாங்க. அப்புறம் பாப்பா பெருசாச்சு. நானும் போட்டேன்."

ஒவ்வொரு ராத்திரியும் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது யாருக்கு? பாப்பாவுக்கு' என்று மகளிடம் சிரித்துக்கொண்டே மாத்திரையை விழுங்கியவள் ஸ்டெனோம்மாதான். அப்போதும் பட்டாணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இனிப்புக்காகத் தின்றிருப்பாள் என்றே இந்த மூன்று நாளும் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஏன் தின்றாய் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

"என்னென்ன போட்ட?" என்றாள் நாத்தனார்.

எத்தனை என்று அவள் கேட்கவில்லை. ஸ்டெனோம்மாவின் விரல் தானாகப் பைக்குள் போய்ப் பென்சிலை எடுத்தது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பட்டாணி யோசிக்கவே இல்லை. தன் உடம்பையே தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "இது கை. இது கை. இது கால். இது கால். இது கண்ணு, இது கண்ணு. காது. இந்தக் காது. மூக்கு. வாய். முடி. தொப்பை. தொப்புள்." முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாமல் திணறினாள். "முதுகு. அப்புறம் சட்டை. பாப்பாவுக்குக் குளிரும்ல."

பென்சில் நின்றது. ஸ்டெனோம்மா சீட்டைப் பார்த்தாள். பதினைந்து.

பிள்ளை அன்று அப்படித்தான் செய்தாளா, இல்லை இப்போது கேட்டதும் கட்டிச் சொல்கிறாளா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. நாத்தனாரும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அந்த அறையில் இருந்த நான்கு பெரியவர்களும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தார்கள். எண் தெரியாத பிள்ளை ஒரு மாத்திரைக்கு ஓர் உறுப்பு என்று ஒன்றுக்கொன்று சரியாக வைத்து விழுங்கியிருக்கிறாள். அவளிடம் கணக்கு இருந்தது. அவர்கள் கேட்ட சொல்லில்தான் அது இல்லை.

டாக்டரம்மா பட்டாணியின் சட்டையை இறக்கிவிட்டார். "உன் வயித்துல பாப்பா இல்லடா. அம்மா வயித்துலதான் இருக்கு. நீ போட்டது அம்மாவுக்கான மருந்து. உனக்கு ஆகாது." பட்டாணி இதைக் கேட்டுக்கொண்டாள். எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டாள் என்று அவள் முகத்திலிருந்து ஸ்டெனோம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும் இல்லை. கேட்டுப் பார்க்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு, அப்புறமும்.

டாக்டரம்மா போன பிறகும் இளம் டாக்டர் போகவில்லை. கேஸ் தாளின் முதல் பக்கத்தைத் திருப்பி அவளிடம் காட்டினார். 'இரண்டு மாத்திரை உட்கொண்டதாகக் குழந்தை தெளிவாகக் கூறியது.' அவருடைய கையெழுத்து அழகாக இருந்தது.

"இது இப்படியே இருக்கு" என்றார். "எனக்கு மூணு நாளா தூக்கம் இல்லம்மா."

"நம்பலாமான்னு நீங்க கேட்டீங்க. நம்பலாம்னு சொன்னது நான். அதையும் எழுதுங்க."

"அம்மா சொன்னாலும் நான் படம் எடுத்துப் பாத்திருக்கணும்."

"அதையும் எழுதுங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினார். அவள் சுருக்கெழுத்தில் எடுத்திருந்ததைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கை, கை, கால், கால் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கினார். பதினான்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"சட்டை" என்றாள் ஸ்டெனோம்மா.

அவர் அதை எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே நாத்தனார் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். ஸ்டெனோம்மா பட்டாணியைத் தூக்கக் குனிந்ததும், "நீ தூக்காத, நகரு" என்று அவளை அதட்டிவிட்டுத் தான் தூக்கிக்கொண்டாள். தம்பியை முன்னால் உட்காரச் சொன்னாள். தன் ஸ்கூட்டரைப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே விட்டுவிட்டாள்.